சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் யூசர் புரொஃபைல் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டால் என்ன செய்வது?

உப்புவெளி_07

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி வடிவாகக் கதைக்க திருகோணமலையில் எனக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் டவுனில் ஒரு சின்னக் கம்பனியில் ஐடி பார்க்கிறேன். 42 பேர், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணக்கெழுதும் வேலை. எல்லோரும் பாவிப்பது அசூர் வர்ச்சுவல் டெஸ்க்டொப், அதாவது மைக்ரோசொஃப்ட்டின் கிளவுட் சேர்வரில் ஓடும் டெஸ்க்டொப், சிங்கப்பூர் ரீஜனில் (அவர்களின் டேட்டா சென்டர்கள் சேர்ந்த பகுதி). புரொஃபைலுக்கு (ஒவ்வொருவரின் டெஸ்க்டொப், பைல், அமைப்புகள்) எஃப்எஸ்லொஜிக்ஸ், அதாவது லொகின் பண்ணும்போது ஒரு டிஸ்க் போல ஏறும் விஎச்டிஎக்ஸ் பைல் ஆளுக்கொன்று, எல்லாம் அசூர் ஃபைல்ஸ் பிரீமியம் ஷெயர் (கிளவுட்டில் இருக்கும் பொது ஃபோல்டர்) ஒன்றுக்குள். மூன்று வருடத்துக்கு முதல் வெளியே ஒரு நிறுவனம் அமைத்துத் தந்தது, பெயர் வேண்டாம். அவர்கள் போன பிறகு நான்தான் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, ஷெயரின் பிரைவேட் எண்ட்பொயிண்டுக்கான (எங்கள் நெட்வொர்க்குக்குள் அதற்கு இருக்கும் தனி முகவரி) டிஎன்எஸ் பதிவை யாரோ பழையது என்று நினைத்துத் துப்புரவாக்கிவிட்டார்கள். ஷெயர் அப்படியே இருக்கிறது, ஆனால் சேர்வர்களுக்கு அதன் முகவரி தெரியவில்லை. 11 பேர் லொகின் பண்ணினார்கள், எல்லோருக்கும் வெறும் டெஸ்க்டொப் வந்தது. 'ஏதோ அப்டேட் போல' என்று நினைத்து அதிலேயே முழு நாளும் வேலை செய்தார்கள். ஒரு அக்கா மாதக் கடைசிக் கணக்கு முழுவதையும் அந்த டெஸ்க்டொப்பிலேயே சேமித்திருந்தார். பின்னேரம் டிஎன்எஸ்ஸைச் சரி செய்தேன். மறுநாள் பழைய புரொஃபைல் திரும்பி வந்தது, ஆனால் முதல்நாள் லோக்கலில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் வந்தது. அந்த அக்கா என்னைத் திட்டவில்லை, பேசாமல் இருந்து திரும்ப எழுதினார். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இதைக் கேள்விப்பட்ட வாடிக்கையாளர் இப்போது எழுத்தில் கேட்கிறார்: சிங்கப்பூர் முழுதாக விழுந்தால் எத்தனை மணித்தியாலத்தில் வேலைக்குத் திரும்புவீர்கள், எவ்வளவு நேரத்து வேலை தொலையும்? என்னிடம் பதில் இல்லை. எங்கள் பெரியவர் 'கிளவுட்டில் வைத்தால் அதை அவர்களே பார்ப்பார்கள்தானே' என்கிறார். 2020 டிசம்பரில் புரேவி புயல் எங்களுக்கு வடக்கே கரையேறிய இரவிலிருந்து இங்கே எல்லோருடைய பயமும் கரண்டும் வெள்ளமும்தான். அதற்காகத்தான் கிளவுட்டுக்கே போனோம். ஷெயரை ஜிஆர்எஸ்ஸுக்கு (இன்னொரு ரீஜனுக்கும் தானாகப் பிரதி போகும் வகை) மாற்றினால் போதுமா, அல்லது எஃப்எஸ்லொஜிக்ஸின் கிளவுட் கேஷ் (புரொஃபைலை ஒன்றுக்கு மேற்பட்ட ஷெயருக்கு எழுதும் வசதி) போட வேண்டுமா? காசு அதிகம் இல்லை.


முகில்_வேலை

தம்பி, நானும் உவர்மலையில் பிறந்து வளர்ந்தவள்தான், இப்போது கொழும்பில் இதே வேலை. ஜிஆர்எஸ்ஸா கிளவுட் கேஷா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முதல் செய்ய வேண்டியது இரண்டு இருக்கிறது.

முதலாவதை இன்றைக்கே செய்யுங்கள். சேர்வரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) எஃப்எஸ்லொஜிக்ஸுக்கு 'ப்ரிவென்ட் லொகின் வித் ஃபெயிலியர்', 'ப்ரிவென்ட் லொகின் வித் டெம்ப் ப்ரொஃபைல்' என்று இரண்டு அமைப்பு இருக்கிறது, இரண்டையும் 1 ஆக்குங்கள். பிறகு புரொஃபைல் கிடைக்காவிட்டால் ஆளை உள்ளே விடாது, வெளியேறச் சொல்லி ஒரு செய்தியைக் காட்டும். விடிய 8 மணிக்கு 11 பேர் உங்களுக்குக் கோல் எடுத்திருப்பார்கள், 8.20க்கு டிஎன்எஸ்ஸைக் கண்டுபிடித்திருப்பீர்கள், அந்த அக்காவின் ஒரு நாள் போயிருக்காது. உங்கள் சேர்வர்களில் 'டிலீட் லோக்கல் ப்ரொஃபைல் வென் விஎச்டி ஷுட் அப்ளை' 1 ஆக இருந்திருக்க வேண்டும், அதுதான் மறுநாள் அழித்தது. அந்த அமைப்பில் பிழை இல்லை, அது இல்லாவிட்டால் பழைய லோக்கல் புரொஃபைல் குறுக்கே நின்று விஎச்டிஎக்ஸ் ஏறாமல் போகும். ஆனால் முதல் இரண்டும் இல்லாமல் இதை மட்டும் போட்டு வைப்பது ஆபத்து.

இரண்டாவது, அந்த விஎச்டிஎக்ஸ்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்த இடங்களில் பெரும்பங்கு அவுட்லுக்கின் ஓஎஸ்டி பைலும் (மெயிலின் லோக்கல் பிரதி) டீம்ஸ் கேஷும். அவை தொலைந்தால் எக்ஸ்சேஞ்ச் மெயில் சேர்வரிலிருந்தும் டீம்ஸிலிருந்தும் திரும்ப இறங்கிவிடும். அதுவும் மைக்ரோசொஃப்ட்டின் உள் லைனில்தான் இறங்கும், உங்கள் திருகோணமலை லைனைத் தொடாது. அடுத்தது டெஸ்க்டொப், டொக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ். இந்த மூன்றையும் வன்டிரைவின் 'நோன் ஃபோல்டர் மூவ்' மூலம் குரூப் பொலிசியிலேயே (எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் அமைப்பு) வன்டிரைவுக்குத் தள்ளிவிடலாம், ஆட்களைக் கேட்கவும் தேவையில்லை. மிச்சம் என்ன? அவுட்லுக் சிக்னேச்சர், பிரவுசர் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்ட், கணக்கு மென்பொருளின் சில அமைப்புகள். இவற்றில் பாஸ்வேர்ட்தான் கொடுமை. குரோம் அதை விண்டோஸ் புரொஃபைலுக்குள் இருக்கும் சாவியால் பூட்டி வைக்கிறது, புரொஃபைல் போனால் பாஸ்வேர்ட் பைலை மட்டும் எடுத்து வைத்துப் பிரயோசனம் இல்லை. பிரவுசர் சிங்க் போடுங்கள், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மனேஜர் ஒன்றுக்குப் போங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு ஒரு ஆளின் புரொஃபைல் முழுதாகத் தொலைந்தாலும் அவர் அரை மணித்தியாலத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடிகிறதா என்று ஒருவரை வைத்துப் பாருங்கள். திரும்பினால் 42 பேருக்கு நீங்கள் காப்பாற்ற வேண்டியது மிகச் சின்னது, வாடிக்கையாளருக்கான பதிலும் பாதி கிடைத்துவிட்டது.


நிலாவெளி_நெட்

அக்கா சொன்ன முதல் விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் இரண்டாவது ரீஜன் இல்லாமல் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது? அவர் கேட்டது சிங்கப்பூர் முழுதாக விழுந்தால் என்று. 2023 பெப்ரவரியில் சிங்கப்பூர் அசூரில் மின்சாரத்தில் ஒரு தடங்கல் வந்து குளிரூட்டிகள் நின்று, வெப்பம் ஏறி, ஒரு ஸோனில் (ரீஜனுக்குள் தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதி) மெஷின்களை நிறுத்த வேண்டி வந்தது. அது ஒரு ஸோன் மட்டும், அதற்கு இஸட்ஆர்எஸ், அதாவது பல ஸோனில் பிரதி, போதும். உங்கள் பிரீமியம் ஷெயர் எல்ஆர்எஸ்ஸில் (ஒரே டேட்டா சென்டரில் மட்டும் பிரதி) இருந்தால் முதலில் அதை இஸட்ஆர்எஸ் ஆக்குங்கள். பிரீமியத்தில் எல்ஆர்எஸ், இஸட்ஆர்எஸ் இரண்டுதான் உண்டு, ஜிஆர்எஸ் கிடையாது. அது வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் ஷெயருக்கு இறங்க வேண்டும், விடிய எல்லோரும் ஒரே நேரத்தில் லொகின் பண்ணும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஜிஆர்எஸ் போட்டாலும் பிரதி உடனுக்குடன் போகாது, பிந்தித்தான் போகும், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் ஸ்னாப்ஷொட்டுக்குத்தான் (அந்த நேரத்து நிலையின் பதிவு) திரும்புவீர்கள். ஃபெயில்ஓவரை (மறு ரீஜனுக்கு மாறுவதை) நீங்களே கிளிக் பண்ண வேண்டும், அந்த நேரம் திறந்திருக்கும் பைல் எல்லாம் அறுபடும், ஃபெயில்ஓவர் முடிந்த பிறகு அக்கவுண்ட் மறு ரீஜனில் வெறும் எல்ஆர்எஸ் ஆக நிற்கும். திரும்ப ஜிஆர்எஸ் ஆக்குவது தனி வேலை.

அதனால் நான் கிளவுட் கேஷ் பக்கம். எஃப்எஸ்லொஜிக்ஸில் விஎச்டி லொகேஷன்ஸ் என்ற அமைப்பை எடுத்துவிட்டு சிசிடி லொகேஷன்ஸ் என்ற அமைப்பில் இரண்டு ஷெயரை எழுதுகிறீர்கள், ஒன்று சிங்கப்பூர், ஒன்று இன்னொரு ரீஜன். எழுதுவது முதலில் சேர்வரின் லோக்கல் கேஷுக்குப் போகும், அங்கிருந்து இரண்டுக்கும் போகும். ஒன்று விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, அது எழும்பி வரும்போது மற்றதைப் பார்த்துத் தன்னைச் சரி செய்துகொள்ளும். இரண்டாவது ரீஜனின் சேர்வர்களில் வரிசையை மாற்றி எழுத வேண்டும், அங்கே பக்கத்து ஷெயர் முதலில். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ரீஜனிலும் லொகின் பண்ண விடவே கூடாது, அது கட்டாயம்.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். லோக்கல் டிஸ்க் வேகமாக இல்லாவிட்டால் எல்லாம் இழுபடும். லொக்ஓஃப் நேரம் நீளும், ஏனென்றால் கேஷில் மிச்சம் இருப்பதைக் குறைந்தது ஒரு ஷெயருக்காவது எழுதி முடிக்காமல் விடாது. புரோகிராம் டேட்டாவுக்குள் எஃப்எஸ்லொஜிக்ஸின் கேஷ், ப்ரொக்ஸி என்று இரண்டு ஃபோல்டர், அவற்றை அன்டிவைரஸ் தொடாமல் விலக்க வேண்டும். எனக்கு இது பிந்தித்தான் விளங்கியது, இரண்டு கிழமை எல்லோருடைய லொகினும் ஊர்ந்தது.


முகில்_வேலை

தம்பி நிலாவெளி, நீங்கள் சொன்னது எல்லாம் சரி, 400 பேர் இருக்கும் இடமென்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இவர் ஒற்றை ஆள், 42 பேர், காசும் இல்லை. கிளவுட் கேஷைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு ரீஜனுக்கு நடுவில் ஓடும் டேட்டாவுக்கும் ஒவ்வொரு மாதமும் பில் வரும், அதுவும் ஓஎஸ்டி பைல் உள்ளே இருந்தால் சொல்லத் தேவையில்லை. போடத்தான் போகிறார் என்றால் ஒஃபிஸ் கன்டெய்னரை (ஒஃபிஸ் டேட்டாவுக்கு மட்டுமான விஎச்டிஎக்ஸ்) தனியாகப் பிரித்து ஓஎஸ்டியை அதற்குள் தள்ளிவிட்டு, புரொஃபைல் கன்டெய்னரை மட்டும் இரண்டாவது ரீஜனுக்கு அனுப்பட்டும். ஒஃபிஸ் கன்டெய்னர் தொலைந்தால் தொலையட்டும்.

என் கருத்து: இரண்டாவது ரீஜனில் வெறும் ஷெயர் ஒன்றைத் தயாராக வைத்து, பேரிடர் நாளில் எல்லோரையும் புதுப் புரொஃபைலில் ஏற்றுங்கள். டொக்குமென்ட் வன்டிரைவில், மெயில் எக்ஸ்சேஞ்சில். அரை மணித்தியாலம் சிக்னேச்சர் போடுவது, பிரின்டர் சேர்ப்பது, அவ்வளவுதான். சிங்கப்பூர் திரும்பி வந்தால் பழையது அங்கேயே இருக்கும். இதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லுங்கள்.


கிண்ணியா_சேமிப்பு

தம்பிமாரே, தங்கச்சி, எல்லோரும் ரீஜன் விழுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். இந்தப் பொடியனுக்கு நடந்தது என்ன? ஒரு மனிசன் ஒரு பதிவை அழித்தது. அடுத்த முறை அவர் ஷெயருக்குள் ஒரு ஃபோல்டரை அழித்தால் ஜிஆர்எஸ் அந்த அழிவையும் சேர்த்து மற்றப் பக்கம் கொண்டுபோகும். விஎச்டிஎக்ஸ்ஸுக்குள் கெட்டுப்போனால் கிளவுட் கேஷ் இருந்தாலும் அது இரண்டு பக்கமும் கெட்டதாக இருக்கும். பிரதி வேறு, பேக்கப் வேறு.

நம் நாட்டிலேயே பார்த்தோம்தானே. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்மென்ட் கிளவுட்டில் ரான்சம்வெயார் (பைல்களைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் மென்பொருள்) புகுந்து, ஏறத்தாழ 5000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மெயில் போய்விட்டது. அந்த மூன்று மாதத்துக்கு ஓஃப்லைன் பேக்கப் இருக்கவில்லை, ஒன்லைனில் இருந்த பேக்கப்பையும் அதே ரான்சம்வெயார் பூட்டிவிட்டது. அன்றைக்கு எத்தனை அலுவலர் எத்தனை கடிதத்தைத் தேடி அலைந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

அசூர் ஃபைல்ஸில் சொஃப்ட் டிலீட் (அழித்ததைச் சில நாள் வைத்திருக்கும் வசதி) இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். அது முழு ஷெயரையும் அழித்தால்தான் காப்பாற்றும், உள்ளே ஒரு பைலை அழித்தால் அது பார்க்காது. அதற்கு ஸ்னாப்ஷொட் வேண்டும். ஒரு ஷெயருக்கு 200 ஸ்னாப்ஷொட் வரை வைக்கலாம், ஒவ்வொரு இரவும் ஒன்று எடுத்து 30 நாள் வைத்தாலே உங்களுக்குத் தாராளம். ஆனால் ஸ்னாப்ஷொட் அதே ஸ்டோரேஜ் அக்கவுண்டுக்குள்தான் இருக்கும், அக்கவுண்ட் போனால் அதுவும் போகும். அதனால் அசூர் பேக்கப்பில் வோல்ட்டுக்கு (அந்த அக்கவுண்டுக்கு வெளியே இருக்கும் பெட்டகம்) நகலெடுக்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள்.

திருப்பி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆளை முழுதாக லொக்ஓஃப் பண்ணிவிட்டு, பழைய விஎச்டிஎக்ஸ்ஸின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, பிறகு திருப்பியதை அந்த இடத்தில் வையுங்கள். ஃபோல்டரின் பெயரில் அவருடைய எஸ்ஐடி (விண்டோஸ் ஆளுக்குக் கொடுக்கும் அடையாள எண்) இருக்கும், அதைத் தொடாதீர்கள். பெர்மிஷன் தொலைந்து வந்தால் அவரால் தன் புரொஃபைலைத் திறக்க ஏலாது, அப்போது பேக்கப் பிழை என்று நினைத்து மூன்று மணித்தியாலம் வீணாக்குவீர்கள். நான் வீணாக்கியிருக்கிறேன்.


உப்புவெளி_07

அக்கா, நானா, நிலாவெளி அண்ணா, எல்லோருக்கும் மெத்தப் பெரிய நன்றி. அந்த இரண்டு ரெஜிஸ்ட்ரி அமைப்பையும் அன்றைக்கே போட்டேன். ஒரு டெஸ்ட் சேர்வரில் ஷெயர் முகவரியைப் பிழையாக எழுதி லொகின் பண்ணிப் பார்த்தேன், உள்ளே விடவில்லை, அவ்வளவு சந்தோசம். இரவு ஸ்னாப்ஷொட்டும் வோல்ட்டும் ஓடுகின்றன. வன்டிரைவுக்கு மாற்றுவது பாதியில் நிற்கிறது, 42 பேரில் 19 பேர் முடிந்தது. சிலருடைய டெஸ்க்டொப்பில் மட்டும் 20 ஜிபி கிடந்தது, அதனால் மெதுவாகப் போகிறேன்.

ஒரு கேள்வி. இரண்டாவது ரீஜனாக எதை எடுப்பது? சிங்கப்பூருக்கு மைக்ரோசொஃப்ட் வைத்த ஜோடி ஹொங்கொங், எனக்கு புனே பக்கம் என்று தோன்றுகிறது.


முகில்_வேலை

ஜிஆர்எஸ் பாவித்தால்தான் அந்த ஜோடி உங்களைக் கட்டும். நீங்களாக இன்னொரு ஸ்டோரேஜ் அக்கவுண்ட் வைப்பதென்றால் எந்த ரீஜனும் எடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் டேட்டா எந்த நாட்டில் இருக்கலாம் என்று எழுதியிருக்கும், அதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த ரீஜன் ஆனாலும் வேலை இல்லாத ஒரு நாளில் சிங்கப்பூரைத் தொடாமல் அங்கே மூன்று பேரை லொகின் பண்ண வையுங்கள். பேப்பரில் எழுதிய திட்டம் எங்கே அறுபடும் என்று அப்போதுதான் தெரியும். எனக்குத் தெரிந்த அறுபடும் இடங்களைச் சொல்கிறேன். இரண்டாவது ஸ்டோரேஜ் அக்கவுண்டை டொமைனில் (கம்பனியின் லொகின் அமைப்பு) தனியாகச் சேர்க்க வேண்டும், ஷெயர் பெர்மிஷனும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷனும் (உள்ளே இருக்கும் ஃபோல்டர், பைலுக்கான அனுமதி) அங்கே திரும்பக் கொடுக்க வேண்டும், முதலாவதில் கொடுத்தது அங்கே வராது. டொமைன் கொன்ட்ரோலர் (லொகினைச் சரிபார்க்கும் சேர்வர்) சிங்கப்பூரில் மட்டும் இருந்தால் சிங்கப்பூர் விழுந்த நாளில் யாருக்கும் கெர்பெரோஸ் டிக்கெட் (ஷெயரிடம் தன்னை நிரூபிக்கும் சீட்டு) கிடைக்காது, ஷெயர் திறக்காது. சேர்வர் இமேஜை (புது சேர்வர் எழுப்பும் அச்சு) அசூரின் கம்பியூட் கலரியில் வைத்து அந்த ரீஜனுக்கும் பிரதி எடுத்து வையுங்கள். விசிபியு கோட்டாவை (அந்த ரீஜனில் எத்தனை புரோசசர் எடுக்கலாம் என்ற வரம்பு) இப்போதே கேட்டு வாங்குங்கள், அந்த நாளில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.


உப்புவெளி_07

பிந்திய பதிலுக்கு மன்னியுங்கள். போயா தினத்தில் சோதித்துப் பார்த்தோம். ஒப்பந்தத்தில் தடை இல்லை, அதனால் மத்திய இந்தியா ரீஜன், புனே.

விடிய 9 மணிக்குத் தொடங்கினேன். கோட்டா 4 விசிபியு மட்டும், அக்கா சொன்னதை இரண்டு நாள் முதல்தான் கேட்டிருந்தேன், அது இன்னும் வரவில்லை. இருந்த நாலில் ஒரு சேர்வரை எழுப்பினேன். டொமைன் கொன்ட்ரோலர் அங்கே ஏற்கெனவே வைத்திருந்தேன், ஆனால் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் இன்னும் சிங்கப்பூர் கொன்ட்ரோலரையே காட்டிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் உயிரோடு இருந்ததால் எல்லாம் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தது. சிங்கப்பூர் கொன்ட்ரோலருக்குப் போகும் வழியை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. இதை யாராவது செய்து பார்க்கப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அந்த வழியை அடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பிறகு என்டிஎஃப்எஸ் பெர்மிஷன், அதுவும் பிழைத்தது. பிற்பகல் 2.10க்கு மூன்று பேரும் புதுப் புரொஃபைலில் உள்ளே, டொக்குமென்ட் வன்டிரைவிலிருந்து வந்துவிட்டது, மெயில் வந்துவிட்டது. ஐந்து மணித்தியாலம் பத்து நிமிடம். இந்த இரண்டு பிழையையும் இப்போது சரி செய்திருப்பதால் அடுத்த முறை பாதியாகும் என்று நினைக்கிறேன், ஆனால் அளந்து பார்க்காமல் அந்தக் கணக்கை எழுதமாட்டேன்.

வாடிக்கையாளருக்கு இப்படி எழுதினேன்: ரீஜன் விழுந்தால் ஆறு மணித்தியாலம், டொக்குமென்ட் வன்டிரைவில் கடைசியாக சிங்க் ஆன வரைக்கும் இருக்கும், டெஸ்க்டொப்பின் தனிப்பட்ட அமைப்புகள் அந்த நாளில் வராது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார். கிளவுட் கேஷை இப்போதைக்கு விடுகிறேன், நிலாவெளி அண்ணா, ஆட்கள் கூடினால் உங்களிடம்தான் வருவேன்.

அன்று சோதனைக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் அந்தக் கணக்கு அக்கா. நான் கூப்பிடவில்லை, லீவு நாளில் தானாக வந்தார். புனேயில் உள்ளே போனதும் மாதக் கடைசிக் கணக்கைத் திறந்து கடைசி வரி வரை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.